வெட்டிய மரத்தையும் மறுபடி அளக்கலாம்

1856-ல் பெகு காடுகளின் கண்காணிப்பாளராகப் பர்மாவுக்கு வந்து சேர்ந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. இந்தக் காட்டில் தேக்கு எவ்வளவு நிற்கிறது? ஆண்டுக்கு எவ்வளவு வெட்டினால் காடு தாங்கும்? பிராண்டிஸ் யானைமீது ஏறிக் காட்டுக்குள் போனார். இடது கையில் மரக்குச்சிகள், வலது கையில் பேனாக்கத்தி. சுற்றளவைக் கண்ணால் மதிப்பிட்டுத் தேக்குகளை நான்கு வகுப்பாகப் பிரித்துக்கொண்டு, வழியின் இருபுறமும் தென்பட்ட ஒவ்வொரு தேக்குக்கும் அதற்குரிய குச்சியில் ஒரு வெட்டு போட்டார். மாலையில் வெட்டுகளை எண்ணிக் கணக்கில் ஏற்றினார். இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்பாகத் தேற எத்தனை ஆண்டு ஆகுமோ, முதல் வகுப்பில் அத்தனையில் ஒரு பங்கைத்தான் ஆண்டுதோறும் வெட்டலாம் என்று விதி வகுத்தார். 1864-ல் இந்தியாவின் முதல் காடுகள் தலைமை ஆய்வாளர் ஆனார். இந்த நாட்டின் வன நிர்வாகம் அந்தக் குச்சிக் கணக்கிலிருந்து கிளைத்தது.

அந்தக் கணக்கை இன்றும் மதிக்கலாம். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. குறிப்பிட்ட ஒரு வெட்டு சரியான குச்சியில்தான் விழுந்ததா என்று பிறகு யாராலும் கேட்க முடியாது. அளந்தவர் சொன்னதுதான் அளவு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நம் காடுகளில் அந்தக் குறை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சாதாரணக் கைபேசிப் படங்களைக் கொண்டு மரத்தை அளக்கும் முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது எவ்வளவு மலிவு என்பதை முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த முறையில் ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான்.

இன்று அளவெடுப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒருவர் நாடாவை அடிமரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறார். குறிப்பேடு வைத்திருப்பவர் பத்தடி தள்ளி நிற்கிறார்.

“எவ்வளவுண்ணே?”

“தொண்ணூத்திரெண்டு.”

“தேக்கு, தொண்ணூத்திரெண்டு. எழுதிட்டேன். அடுத்ததுக்குப் போலாம்.”

அவ்வளவுதான். அந்த மரத்தைப் பற்றி அரசுக்குத் தெரிவது இனி அந்த ஓர் எண். நாடா தரையிலிருந்து சரியாக 1.37 மீட்டரில் சுற்றப்பட்டதா? இந்தியாவில் மார்பு உயரம் என்று வைத்திருப்பது அதுதான். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பார்க்கப்பட்டதா? கண்ணுக்கு மறைவான பின்பக்கத்தில் நாடா சரிந்து கிடந்ததா, கொடி ஒன்றின் மேல் ஏறிப் போனதா, உரியும் பட்டைமேல் படிந்ததா? எண்ணைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. இந்தத் தவறுகளில் பலவும் ஒரே திசையில் போகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். சரிந்த நாடா கூடுதலாகத்தான் காட்டும். கொடிமேல் சென்ற நாடாவும் அப்படியே. முதிர்ந்த தேக்கின் அடிப்பகுதியில் விழும் பள்ளங்களுக்குள் நாடா இறங்காமல் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவும், அதுவும் கூடுதல்தான். முன்னும் பின்னுமாக நிகழும் தவறுகள் ஆயிரம் மரங்களைக் கூட்டும்போது ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரே பக்கம் சாயும் தவறுகள் கூடிக்கொண்டே போகும்.

சிறு தவறுதானே என்று விடவும் முடியாது. 92 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தை 95 என்று எழுதினால் பிழை 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் மரத்தின் கன அளவு விட்டத்தின் இருமடியைச் சார்ந்தது. அதனால் வெட்டுமுகப் பரப்பில் பிழை 6.6 சதவீதமாகிவிடுகிறது. வெப்பமண்டல மரங்களின் உயிர்ப்பொருளைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் சமன்பாடு ஜெரோம் ஷாவும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்டது. அதில் விட்டத்தின் இருமடி, உயரம், மரத்தின் அடர்த்தி மூன்றும் பெருக்கலாக வருகின்றன. மரத்தை எரித்தால் எவ்வளவு கரிமம் வெளியேறும், நிற்க விட்டால் எவ்வளவு தங்கும் என்பதெல்லாம் கடைசியில் அந்த நாடா காட்டிய எண்ணில் வந்து நிற்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சமன்பாட்டை உருவாக்க 58 இடங்களில் வெட்டி எடை பார்த்த 4,004 மரங்களின் தரவு தேவைப்பட்டது. மரத்தை வெட்டாமல் அதன் கனத்தை அறிய வழி இல்லாத காலத்தின் விலை அது.

படத்தை வைத்து அளக்கும் யோசனை காட்டில் பிறந்ததல்ல. 1858-ல் ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்ற இளம் பிரஷ்யப் பொறியாளர் வெட்ஸ்லர் நகரத்துப் பேராலயத்தை அளக்க உயரத்தில் ஏறியபோது தவறி விழப் பார்த்தார். உயிர் தப்பியதும் அவருக்கு எழுந்த எண்ணம்: கட்டடத்தைத் தொட்டு அளப்பதற்குப் பதில் அதன் ஒளிப்படத்தை அளந்தால் என்ன? ஒரே பொருளை இரண்டு இடங்களிலிருந்து படமெடுத்து, கேமரா நின்ற இடமும் வில்லையின் தன்மையும் தெரிந்திருந்தால், இரு படங்களிலும் காணும் ஒரு புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்பதைக் கோணக் கணக்கால் சொல்லிவிடலாம். போட்டோகிராமெட்ரி, தமிழில் ஒளிப்பட அளவை, என்று இன்று அறியப்படும் துறையின் அடிப்படை இதுதான். 1885-ல் பெர்லினில் மைடன்பவர் தொடங்கிய அரசு நிறுவனம் 1920-க்குள் ஏறத்தாழ 2,600 கட்டடங்களை 20,000 கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தது. இரண்டாம் உலகப் போரில் அவற்றில் பல இடிந்தன. இடிந்ததைத் திரும்ப எழுப்ப அந்தத் தகடுகளையே அளந்தார்கள். கட்டடம் போன பிறகும் அதன் அளவு கிடைத்தது. மரத்தைப் பொறுத்தவரை இந்த வாய்ப்பு இன்னும் பெரியது, ஏனென்றால் வெட்டிய மரத்தைத் திரும்ப எழுப்ப வழியே இல்லை.

காட்டுக்கும் இந்தக் கலை சீக்கிரமே வந்தது. 1924-ல் பர்மாவின் ஐராவதி கழிமுகக் காடுகள் விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டன. சேறும் ஓடையும் முதலையுமாக ஆள் நடந்து அளக்க முடியாத காடு அது. எந்த வகை மரம் எங்கே நிற்கிறது என்பதைப் படத்திலிருந்தே பிரித்தறிந்தார்கள். புவியியலாளர் டட்லி ஸ்டாம்ப் அதைப் பற்றி 1925-ல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதன் பிறகு எழுபது, எண்பது ஆண்டுகள் இந்த வித்தை விமானமும், அளவை செய்வதற்கென்றே செய்த கேமராவும், அறையளவு இயந்திரமும் வைத்திருந்தவர்கள் கையிலேயே இருந்தது. வனச்சரகர் அலுவலகத்துக்கு அது வரவில்லை.

அதை அவிழ்த்துவிட்டவர்கள் கணினிப் பார்வைத் துறையினர். பழைய முறையில் கேமரா எங்கே நின்றது, வில்லை எத்தகையது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோ 1999-ல் உருவாக்கிய சிஃப்ட் என்ற வழிமுறை, ஒரு படத்தில் உள்ள தனித்த அடையாளங்களைக் கண்டெடுத்து, வேறு கோணத்தில் வேறு தொலைவிலிருந்து எடுத்த படத்திலும் அவற்றை அடையாளம் கண்டது. 2006-ல் நோவா ஸ்னேவ்லியும் ஸ்டீவன் சைட்ஸும் ரிச்சர்ட் செலிஸ்கியும் சுற்றுலாப் பயணிகள் இணையத்தில் போட்டிருந்த படங்களை மட்டும் கொண்டு பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தை முப்பரிமாணத்தில் எழுப்பிக் காட்டினார்கள். யார் எடுத்தது, எங்கே நின்று எடுத்தது என்று எதுவும் சொல்லப்படவில்லை. கேமரா நின்ற இடங்களைக் கணினி படங்களிலிருந்தே கண்டுபிடித்தது. இந்த வகையைச் சேர்ந்த கோல்மாப், மெஷ்ரூம், பிரான்ஸின் தேசிய புவியியல் நிறுவனம் தரும் மிக்மாக், ட்ரோன் படங்களுக்கான ஓப்பன்ட்ரோன்மேப் ஆகிய மென்பொருள்கள் எல்லாம் இலவசம். விளைவாகக் கிடைக்கும் முப்பரிமாணப் புள்ளித் திரளை வெட்டி அளக்க கிளவுட்கம்பேர் இருக்கிறது, அதுவும் இலவசம். தரையில் நிறுத்தி இயக்கும் லேசர் ஸ்கேனருக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும் இடத்தில் இங்கே செலவு கைபேசியும் ஓரளவு நல்ல கணினியும் கொஞ்சம் மின்சாரமும்தான்.

களத்தில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் அங்கேதான் தீர்மானமாகிறது. முதலில் மரத்தடியில் உள்ள செடியை அரிவாளால் ஒதுக்க வேண்டும். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் இதற்கே பாதி நேரம் போகும். பிறகு சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட, நீளம் துல்லியமாகத் தெரிந்த கோல்கள் இரண்டை அடிமரத்தின் அருகில் இரு பக்கங்களில் ஊன்ற வேண்டும். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். படங்களிலிருந்து கணினி எழுப்பும் மரத்துக்கு உருவம் உண்டு, அளவு கிடையாது. அது முப்பது மீட்டர் தேக்கா, கைக்குள் அடங்கும் பொம்மைத் தேக்கா என்று படங்களால் சொல்ல முடியாது. கோல் ஒரு மீட்டர் என்று நாம் சொன்ன பிறகே மரத்துக்கும் மீட்டர் கணக்கு வருகிறது. அதனால் கோலின் நீளத்தில் 1 சதவீதம் தவறினால் மரத்தின் கன அளவில் 3 சதவீதம் தவறும். படங்களை மட்டும் வைத்து அளக்கும்போது எவ்வளவு விலையுயர்ந்த கைபேசியும் இந்தக் கோலின் இடத்தை எடுத்துக்கொள்ளாது.

அடுத்து மரத்தைச் சுற்றி நடந்து படமெடுப்பது. இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஒவ்வோர் எட்டாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். ஒரு படத்தில் கண்டதில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். முழுச் சுற்றுக்கு முப்பது நாற்பது படங்கள் ஆகும். பட்டையின் நுணுக்கம் தேவையென்றால் நெருங்கி வந்து இன்னொரு சுற்று. புதிதாகக் கற்பவர்கள் இங்கே பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: நின்ற இடத்திலேயே நின்று கேமராவை மட்டும் திருப்புகிறார்கள். அப்படி எடுத்த நூறு படமும் ஒரு படத்துக்குச் சமம். ஆள் நகர்ந்தால்தான் கோணம் மாறும். கோணம் மாறினால்தான் ஆழம் தெரியும். உருப்பெருக்கத்தை நடுவில் மாற்றக் கூடாது. குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுவது நல்லது. மேகம் மூடிய நாள் உத்தமம். உச்சி வெயிலில் இலைகளினூடே விழும் வெயில் புள்ளிகள் பட்டைமேல் நகர்ந்துகொண்டே இருப்பதால், அவற்றையே அடையாளமாக எடுத்துக்கொண்டு மென்பொருள் ஏமாறும்.

நுண்மை எவ்வளவு என்று கேட்கலாம். சாதாரணக் கைபேசி கேமரா மூன்று மீட்டர் தொலைவில் ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலக் காட்சியைப் பிடிக்கிறது. படத்தின் அகலம் 4,000 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர். வேம்பின் வெடித்த பட்டையும் தேக்கின் நார்ப்பட்டையும் கருவேலத்தின் பிளவுகளும் இந்த முறைக்காகவே படைத்தவை போல வேலை செய்யும். ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் மென்பொருள் பற்றிக்கொள்ள அடையாளம் இருக்கிறது. வழுவழுப்பான தைலமரம் சிரமம். மழையில் நனைந்து பளபளக்கும் எந்தப் பட்டையும் சிரமம்.

கணினி சில மணி நேரம் உழைத்த பிறகு திரையில் பல லட்சம் புள்ளிகளாக அடிமரம் எழுந்து நிற்கிறது. 1.37 மீட்டர் உயரத்தில் ஐந்து செ.மீ. கனத்துக்கு ஒரு வில்லை வெட்டி எடுத்து மேலிருந்து பார்த்தால் மரத்தின் உண்மையான வெட்டுமுகம் தெரியும். அது பெரும்பாலும் வட்டமாக இருக்காது. நாடா தாவிப்போன பள்ளங்கள் அதில் தெரிகின்றன. மரத்தின் மேட்டுப்பக்கம் எது என்பதில் சந்தேகமென்றால் தரையையும் திரையிலேயே பார்த்து உயரத்தைத் திரும்பக் குறிக்கலாம். இரண்டு, மூன்று, ஐந்து மீட்டர் உயரங்களிலும் விட்டம் பார்க்கலாம், ஏணி வேண்டாம். மேலே போகப் போக மரம் எவ்வளவு ஒல்லியாகிறது என்பதுதான் மரக்கட்டையின் விலையைத் தீர்மானிக்கிறது. நாடாவுக்கு அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாது.

கோணல்மாணலான மரங்களில் இந்த முறையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. பலகை போன்ற வேர்கள் ஆளுயரத்துக்கு மேல் எழும் மழைக்காட்டு மரங்களில் மார்பு உயரத்தில் நாடா சுற்றுவதில் பொருளே இல்லை. வேர்கள் முடியும் இடத்துக்கு மேலே ஏறி அளப்பதே வழக்கம். வேர் ஆண்டுதோறும் மேலேறுவதால் அளக்கும் இடமும் மேலேறும். பழைய அளவோடு புதியதை ஒப்பிட முடியாமல் போகும். செபாஸ்தியன் பௌவென்ஸும் சகாக்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, மத்திய ஆப்பிரிக்காவின் இத்தகைய மரங்களைத் தரையிலிருந்து எடுத்த படங்களால் முழு உருவத்தோடு அளந்து, உருண்டையற்ற அடிமரத்துக்கும் நம்பத்தக்க வெட்டுமுகப் பரப்பு எடுக்க முடியும் என்று காட்டியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் முதிர்ந்த முள்ளிலவ மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை சொல்லாமலே புரியும்.

இனி முறையின் குறைகளுக்கு வருவோம். அவை சிறியவை அல்ல. ஒற்றை மரத்தைச் சுற்றி நிதானமாகப் படமெடுக்கும்போது பிழை ஒரு செ.மீ. அளவுக்கு இறங்குகிறது. ஆனால் வன நிர்வாகத்துக்கு ஒற்றை மரம் போதாது. மாதிரிப் பரப்பு முழுவதும் வேண்டும். பின்லாந்தில் சின்லியன் லியாங்கும் உடன் பணியாற்றியவர்களும் சாதாரணக் கையடக்கக் கேமராவோடு மாதிரிப் பரப்பில் நடந்து படமெடுத்து 2014-ல் வெளியிட்ட முடிவு: நின்ற மரங்களில் 88 சதவீதம் கண்டறியப்பட்டன, மார்பு உயர விட்டத்தில் சராசரிப் பிழை 2.39 செ.மீ. முன்பு பார்த்த 92 செ.மீ. சுற்றளவு மரத்துக்கு விட்டம் 29 செ.மீ.தான். அதில் 2.39 தவறினால் வெட்டுமுகப் பரப்பில் 16 சதவீதம் தவறுகிறது. கவனமாகச் சுற்றிய நாடா இதைவிட எவ்வளவோ நல்லது. பத்தில் ஒரு மரத்துக்கு மேல் விடுபட்டது அதைவிடக் கவலையான விஷயம். மறைந்து நிற்கும் மரங்கள் பெரும்பாலும் ஒல்லியானவை, நெருக்கத்தில் வளர்பவை. நாளைய காடு அவைதான்.

முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988-ல் அமைத்த 50 ஹெக்டேர் நிரந்தரப் பரப்பை எண்ணிப் பாருங்கள். மார்பு உயரத்தில் ஒரு செ.மீ. விட்டமுள்ள தண்டு முதல் எல்லாவற்றுக்கும் எண் இட்டு, மறுபடி மறுபடி அளந்துவருகிறார்கள். வறண்ட இலையுதிர் காட்டில் பல மரங்களின் ஆண்டு வளர்ச்சி சில மில்லிமீட்டர்தான். இரண்டு செ.மீ. தவறும் கேமராவை அங்கே வளர்ச்சி அளக்க அனுப்பினால், கருவியின் தடுமாற்றத்தையே மரத்தின் வளர்ச்சி என்று எழுதிவிடும். அந்த வேலைக்கு நாடாதான் வேண்டும், அதுவும் ஒரே இடத்தில் வண்ணம் பூசிக் குறித்துச் சுற்றும் நாடா. அதே காட்டில் யானை உரித்த பட்டை, தீ தின்ற அடிமரம், முறிந்த கவை ஆகியவற்றின் பரப்பையும் ஆழத்தையும் பதிவு செய்யக் கேமராவுக்கு நிகரில்லை. எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்று பிரிப்பதில் தாராளமாக இருக்கலாம். ஒரு கருவியே எல்லாம் செய்யும் என்று நம்புவது ஆபத்து.

உயரம் தனிச் சிக்கல். தரையில் நிற்கும் கேமராவுக்கு உச்சி தெரியாது. ட்ரோனுக்கு உச்சி தெரியும், தரை தெரியாது. மரத்தின் உயரம் என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மேரிலாந்தில் ஜோனதன் டாண்டோய்ஸும் எர்ல் எல்லிஸும் 2010-ல் பட்டத்தில் சாதாரணக் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டுக் காட்டின் மேற்பரப்பை அழகாக எழுப்பினார்கள். லேசர் முறையில் முன்பே அளந்து வைத்திருந்த தரை வரைபடத்தை அடியில் வைத்தபோது உயரங்கள் நன்றாக வந்தன. தரையையும் படங்களிலிருந்தே எடுக்க முயன்றபோது சரியாக வரவில்லை. லேசர் கதிர் இலை இடுக்குகள் வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். படத்தில் இலைக்குக் கீழே இருப்பது எதுவும் பதிவதில்லை. சோலைக்காடுகளில் இதற்கு மலிவான தீர்வு கிடையாது. இலையுதிர் காடுகளில் உண்டு: பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் மொட்டையாக நிற்கும்போது ஒருமுறை பறந்து தரையைப் பிடித்துக்கொண்டு, மழைக்குப் பின் தழைத்ததும் மறுபடி பறந்து உச்சிகளைப் பிடிக்கலாம். காற்றில்லாத அதிகாலை வேண்டும். சவுக்கு போல ஊசியிழையாய் ஆடும் மரமென்றால் அப்போதும் மேல்பகுதி மங்கலாகத்தான் வரும்.

சட்டப்படி, 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனை இயக்க ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிட முடியாது, அது சரியும்கூட. டான்சானியாவில் வயலில் இறங்கிய யானைகளை விரட்ட ட்ரோனையே பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால், அந்த ரீங்காரம் யானைக்கு எப்படிப் படுகிறது என்பது விளங்கும். மரத்தை அளக்கப் போய்க் காட்டைக் கலவரப்படுத்தக் கூடாது.

இந்த முறையால் உடனடியாகப் பயன் பெறக்கூடியவர்கள் என்று நான் நினைப்பது காப்புக்காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்தில் தேக்கும் மகோகனியும் வளர்க்கும் சிறு விவசாயிகள். நம் மரச்சந்தையில் கன அடிக் கணக்கு இன்றும் பெரும்பாலும் காற்சுற்றளவு முறையில்தான் நடக்கிறது: சுற்றளவில் நான்கில் ஒரு பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-ல் வெளியிட்ட அட்டவணைகளின் வழி பரவிய கணக்கு இது. உருண்டைக் கட்டையின் உண்மையான கன அளவில் இது 78.5 சதவீதத்தையே காட்டும். பட்டைக்கும் அறுக்கும்போது போகும் ஓரக் கழிவுக்கும் அது சரியாகிவிடும் என்பது வியாபாரிகள் தரப்பு; அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் விற்பவருக்கு முழு அளவு எவ்வளவு என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் கழிவைப் பற்றிப் பேரம் பேச முடியும். இன்று வாங்க வருபவரே நாடாவும் கொண்டுவருகிறார். வாசித்துச் சொல்பவரும் அவரே. மரம் லாரி ஏறிய பிறகு வழக்கு என்று வந்தால் காட்டுவதற்குக் குட்டையான அடிக்கட்டை மட்டும் நிலத்தில் இருக்கும். வெட்டுவதற்கு முன் கோல் ஊன்றி எடுத்து வைத்த நாற்பது படங்கள் இருந்தால், வேளாண் கல்லூரி மாணவர் ஒருவர்கூட அதே மரத்தை ஆறு மாதம் கழித்து அளந்து காட்ட முடியும். காகித ஆலைக்குப் போகும் சவுக்குக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. அங்கே எடைமேடைதான் தீர்ப்பு சொல்கிறது.

படமும் பொய் சொல்லும் என்பதை மறக்கவில்லை. குட்டைக் கோலை ஊன்றி ஒரு மீட்டர் என்று எழுதலாம். பக்கத்து மரத்தின் படத்தை இந்த மரத்தின் பெயரில் சேர்க்கலாம். கைபேசியின் ஜிபிஎஸ் அடர்ந்த மரங்களுக்குக் கீழே பல மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் அதை மட்டும் சாட்சியாக ஏற்க முடியாது. இதற்கெல்லாம் எளிய கட்டுப்பாடுகள் உண்டு. மரத்தில் அடித்த எண் தகடு பல படங்களில் தெரிய வேண்டும். முதல் படத்தில் ஒரு சிலேட்டில் தேதி, மர எண், கோலின் நீளம், நாடாவில் எடுத்த சுற்றளவு நான்கும் எழுதிப் பிடித்திருக்க வேண்டும். கோல் இரண்டு இருந்தால் ஒன்றை வைத்து அளவு கொடுத்து மற்றொன்றைச் சரிபார்க்கலாம். இரண்டும் ஒத்துவராத தொகுப்பைத் தள்ளிவிடலாம். பொய் சொல்ல நினைப்பவர் இத்தனையையும் பொருந்தச் செய்ய வேண்டியிருக்கும். குறிப்பேட்டில் 92-ஐ 95 ஆக்கப் பேனா ஒன்று போதும்.

கடைசியாக, எதைச் சேமிப்பது என்ற கேள்வி. பெரும்பாலான திட்டங்களில் கடைசியில் மிஞ்சுவது அட்டவணை. மரத்துக்கு ஒரு வரி, வரியில் விட்டமும் உயரமும். கொஞ்சம் கவனமானவர்கள் புள்ளித் திரளையும் வைக்கிறார்கள். வைக்க வேண்டியது மூலப் படங்கள்தான், தொடாமல், சுருக்காமல். புள்ளித் திரள் என்பது அன்றைய மென்பொருள் அந்தப் படங்களைப் புரிந்துகொண்ட விதம் மட்டுமே. 2010-ல் எடுத்து வைத்த படங்களை 2016-ல் வந்த கோல்மாப்பில் ஓட்டினால் முன்பைவிட அடர்த்தியான, நேர்த்தியான மரம் எழுகிறது. இனி வருபவை இன்னும் நன்றாகச் செய்யும். ஒரு மரத்துக்கு நாற்பது படம், படத்துக்கு 4 எம்பி என்றால் மரத்துக்கு 160 எம்பி. ஓராயிரம் மாதிரி மரங்கள் கடையில் கிடைக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்றில் அடங்கிவிடும். ஆனால் ஒரு டிஸ்க் போதாது, இரண்டு இடத்தில் இரண்டு வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்கு மாற்ற ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இந்தியாவில் வனக்கோட்டச் செயல்திட்டம் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு எழுதப்படுகிறது. அதற்குள் அளந்த வனக்காப்பாளர் வேறு சரகத்தில் இருப்பார், கையெழுத்திட்ட அதிகாரி வேறு மாவட்டத்தில் இருப்பார். அடுத்த திட்டத்தை எழுத உட்காருபவருக்கு ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால், இப்போது இருக்கும் ஏற்பாட்டில் அவர் அதை நம்பலாம், அல்லது விட்டுவிடலாம். படங்கள் இருந்தால் அதை மறுபடி அளக்கவும் செய்யலாம்.